லோ ஏறாத லோ சிகரம்

ஈப்போக்காரர்களுக்கு ஹியூ லோ பழக்கமான பெயர். ஊருக்கு நடுவே இருக்கும் ஜாலான் சுல்தான் இஸ்கண்டாரை என் தாத்தா இன்னும் ஹியூ லோ ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார். 1877-இல் பேராக்கின் ரெசிடெண்டாக வந்து, கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட அதே லோ. சபாவில் கினபாலு மலையின் உச்சிக்கும் அவர் பெயர்தான். போன வருடம் அதில் ஏறிவிட்டு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். லோ அந்த உச்சியில் நின்றதே இல்லை.

1851 மார்ச். லோ அப்போது லாபுவான் காலனி நிர்வாகத்தில் வேலை பார்த்தார். இன்றுபோல் படிக்கட்டோ கயிறோ தங்கும் விடுதியோ கிடையாது. கடற்கரையிலிருந்து காடும் ஆறும் கடந்து, கியாவ் கிராமத்து டூசுன் மக்கள் வழிகாட்ட, மேலே மொட்டைக் கருங்கல் பரப்புவரை போய்விட்டார். அங்கேதான் சிக்கல். ஒரே ஒரு உச்சி என்றால் பரவாயில்லை, சுற்றிலும் பல முனைகள் நிற்கின்றன. எது உயரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். மிக உயர்ந்த முனை சிறகுள்ள உயிர்களுக்குத்தான் எட்டும் என்ற பொருளில் எழுதிவைத்துவிட்டு இறங்கினார். 1858-இல் ஸ்பென்சர் செயின்ட் ஜானோடு மறுபடியும் வந்தார். அப்போதும் உச்சி கிடைக்கவில்லை. 1888-இல், பறவைகள் சேகரிக்க வந்த ஜான் வைட்ஹெட்தான் அதைத் தொட்டதாகப் பதிவு. ஆனாலும் பெயர் லோவுக்கே.

நான் பொறியியல் படித்தவன், அளவு தப்பாக இருந்தால் கை அரிக்கும். கினபாலு 4,101 மீட்டர் என்றுதான் ரொம்ப காலம் புத்தகங்களில் இருந்தது. செயற்கைக்கோள் வைத்து அளந்தபோது 4,095 என்று வந்தது, திருத்திவிட்டார்கள். ஆறு மீட்டரைத் திருத்த முடிந்தவர்களுக்குப் பெயரைத் திருத்தத் தோன்றவில்லையா?

வைட்ஹெட்டுக்கு முன்பே டூசுன்காரர் யாராவது ஏறியிருப்பார்கள், அவர் பெயரை வைக்கலாமே என்பது என் கட்சி. சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி தாண்டிக் கயிற்றைப் பிடித்து ஏறும்போதே எங்கள் வழிகாட்டியிடம் மலாயில் கேட்டேன். அவர் டூசுன்காரர், நாற்பது வயதிருக்கும்.

"உங்க முன்னோர்தானே அண்ணே முதல்ல உச்சிக்குப் போயிருப்பாங்க?"

அவர் சிரித்தார். "எதுக்குப் போகணும்? அங்க செத்தவங்க இருக்காங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இறந்தவர்களின் ஆவி தங்கும் இடம் அது. ஏறுவதற்கு முன் கோழி பலி கொடுத்து அனுமதி கேட்பது அவர்கள் வழக்கம். ஏறாமல் இருந்ததை நான் இயலாமை என்று கணக்குப் போட்டிருந்தேன். லோவும் வைட்ஹெட்டும் ஓடிய பந்தயத்தில் கேட்காமலே இவர்களையும் சேர்த்துவிட்டேன்.

2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். காயப்பட்டவர்களைச் சுமந்து இறக்கியதும் வழிகாட்டிகள்தான். அதைப் பற்றி அவர் தானாக எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உச்சியில் பலகைக்குப் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து அவர்தான் படம் எடுத்தார். மொத்தம் பதினொரு படம். இதை எழுத உட்கார்ந்தபோது தேடிப் பார்த்தேன், ஒன்றில்கூட அவர் இல்லை.