வெட்சி என்னும் இட்லிப் பூ

சித்திரை, வைகாசித் திங்கள்களின் விடியற்பொழுதில், வெயில் சுள்ளென்று உறைக்குமுன் வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வருவது கண்ணுக்கு விருந்து. சொல்லை நேசிக்கும் நம்போன்றோர்க்குச் செவிக்கும் விருந்து. பருவத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். வேதல், வெப்பு, வெயில், வெம்மை என விரியும் குடியில் பிறந்தது வேனில். அது முற்றி முதுவேனில் ஆகுமுன், தழைக்கும் பூவுக்கும் இதமாய் இருக்கும் முதற்பகுதியை இளவேனில் என்றனர் நம் முன்னோர். வெம்மைக்கும் ஓர் இளமை உண்டு என்று கண்டு அதற்குப் பெயர் சூட்டிய மொழி நம்முடையது.

கிணற்றடியில் அரளி. அலர்தல் என்னும் வினையிலிருந்து அலரியாய்ப் பிறந்து, லகரமும் ரகரமும் தம்முள் இடம் மாறி, பின்பு லகரம் நா மடங்கி ளகரமாகி, இன்று அரளியாய் நிற்கிறது. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இப்படி எழுத்துகள் இடம் மாறியே. அதனை அடுத்துச் செம்பருத்தி. பருத்திப் பூவையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரோ ஒருவர், இவை ஒரே குடியின் பிள்ளைகள் என்று கண்டு வைத்த பெயர் அது, இன்றைய செடிநூலாரும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கின்றனர். யாழ்ப்பாணத்தார் நாவில் அது செவ்வரத்தை. சற்றுத் தள்ளி நந்தியாவட்டை. வடமொழி நந்த்யாவர்த்தத்தின் ஆவர்த்தம் என்னும் சுழற்சி, ஒரே பக்கமாய்த் திரும்பிய அதன் வெள்ளிதழ்களில் அப்படியே தெரிய, தமிழ் நாவோ அந்த வர்த்தத்தை வட்டமாக்கி, வட்டையாக்கித் தன்னதாக்கிக் கொண்டது.

இவற்றையெல்லாம் கடந்து வாயிற்படியோரம் வந்தால், இடுப்பளவு உயரத்தில், தடித்துப் பளபளக்கும் இலைகளுக்கு மேலே சிவந்த கொத்துகளை ஏந்தியபடி ஒரு செடி நிற்கும். ஆண்டு முழுதும் பூப்பது, வெயிலை விரும்புவது. ஊசிமுனை போன்ற மொட்டுகள் கொத்தாய்க் குவிந்து, ஒவ்வொன்றாய் விரிந்து, நீண்ட மெல்லிய குழலின் நுனியில் நான்கு இதழ்களைக் குறுக்காய் விரிக்கும். என்ன பூ என்று கேட்டால் வீட்டார் இட்லிப் பூ என்பர். நாற்றுப்பண்ணையில் கேட்டால் இக்சோரா என்பர். எல்லை தாண்டி மலையாள நாட்டில் கேட்டால் செத்தி என்றோ தெச்சி என்றோ விடை வரும். ஏட்டைத் திறந்தால் செச்சை என்றும் வெட்சி என்றும் காணலாம். இத்தனை பெயரும் ஒரு பொருட்பன்மொழிப் பட்டியலாகக் கிடந்தால் அவற்றால் பயனில்லை. இந்தச் செடியை யார் கையில் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்பதை ஒவ்வொரு பெயரும் தனக்குள் காத்து வைத்திருக்கிறது என்பதே நான் சொல்ல விழைவது.

மூத்த பெயரான வெட்சியை முதலில் செவியில் வாங்குவோம். டகர மெய்யை அடுத்துச் சகரம் வரும் ஒலியைக் கேட்டவுடன், பட்சி, தட்சிணை, இலட்சம் முதலியவற்றின் நினைவால், இதுவும் வடசொல்லோ என ஐயுறுவார் உண்டு. அவற்றில் உள்ள ட்ச, வடமொழிக் கூட்டெழுத்து ஒன்று தமிழ் நாவுக்கு ஏற்பத் திரிந்து வந்தது. வெட்சியில் உள்ள ட்ச அவ்வாறன்று. ஆள் ஆட்சியாகிறது, மீள் மீட்சியாகிறது, நீள் நீட்சியாகிறது, காண் காட்சியாகிறது, மாண் மாட்சியாகிறது. அந்த வரிசையில் நிற்கும் ஒலி இது. டகரத்தின் பின் க, ச, ப என்னும் மூன்றும் மயங்கும் என்று மெய்ம்மயக்க விதி இதற்கு இடமும் தருகிறது. ஆகவே ஒலியால் வெட்சி கலப்பற்ற தமிழ்.

அந்த வரிசையைப் பின்பற்றினால் வெட்சியை வெள் என்னும் அடியோடும் சி என்னும் ஈற்றோடும் பிரிக்க இடமுண்டு. ஆனால் பூ சிவப்பாயிற்றே, வெள் என்பது வெண்மை அல்லவா எனக் கேட்பீர்கள். வெள் என்பது நிறத்தை மட்டும் குறித்த சொல்லன்று. வெள்ளி என்றால் உலோகம், வானில் மின்னும் விண்மீனும். வெளிச்சம் என்றால் ஒளி. விளங்குதலும் துலங்குதலும் அந்த அடியின் ஆழத்தில் உள்ள பொருள்கள். பசிய புதரின் நடுவே தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும் பூவுக்கு, நிறத்தை நோக்காது அதன் துலக்கத்தை நோக்கி அப்பெயர் அமைந்திருக்கலாம் என்று கொள்வது எனக்கு இசைவாகப் படுகிறது. இவ்வினத்தில் வெண்ணிறம் பூப்பதும் நம் காடுகளில் உண்டு; அதன் கிளைகளைக் கொளுத்திப் பந்தமாக ஏந்தியதால் அதற்குச் சுலுந்து என்று பெயர். ஆனால் ஏடுகள் பாடும் வெட்சி சிவந்ததே.

பெயர் பிறந்த இடத்தைவிட அது வாழ்ந்த இடம் இன்னும் வளமானது. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் மறவர் வெட்சி சூடிச் சென்றனர். பூவின் பெயர் செயலின் பெயராயிற்று. செயலின் பெயர் ஒழுக்கத்தின் பெயராகித் திணையாயிற்று. தொல்காப்பியர் வகுத்த புறத்திணை ஏழனுள் முதலாவது வெட்சி. அகத்தில் குறிஞ்சி எதுவோ, புறத்தில் அதற்கு இணை வெட்சி என்பது அவர் முடிவு. இரண்டும் மலைசார்ந்தவை, இரண்டும் இரவின் மறைவில் களவாய் நிகழ்பவை என்று உரையாசிரியர்கள் அதற்குக் காரணம் காட்டுவர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கும்போது குறிஞ்சியை அடுத்தே வெட்சியை வைத்திருப்பதைக் கண்டபோது, இலக்கணத்தில் எதிரெதிர் நிற்கும் இரண்டும் தொகுத்த பூக்குவியலில் தோளோடு தோள் நிற்பதாக எண்ணி மகிழ்ந்தேன். பின்னாளில் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கவர்ந்த நிரையை மீட்பதைக் கரந்தை எனத் தனியே பிரித்து, வெட்சியின் எல்லையைச் சுருக்கியது. சிலப்பதிகார வேட்டுவவரியிலோ, நிரை கொள்ளப் புறப்படும் மறவன் வெட்சி புனையும்போது கொற்றவையின் துணையும் வேண்டப்படுகிறது.

வெட்சியின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் சொல்லும் பெயர் ஆகோள். ஆவைக் கொள்ளுதல் ஆகோள். கொள் நீண்டு கோள் ஆன முதனிலை திரிந்த தொழிற்பெயர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றில் அதே ஆகோள் என்னும் சொல் வெட்டப்பட்டிருக்கிறது. இலக்கணத்தார் கற்பனையில் சமைத்த துறைப்பெயர் அன்று அது. உயிர் நீத்த ஒருவனுக்கு வைகைக் கரையில் நட்ட கல்லில் எழுதி வைத்த வழக்குச் சொல்.

இனி, செச்சை. பசுமையிலிருந்து பச்சை வந்ததுபோல், செம்மையின் அடியிலிருந்து செச்சை வந்தது எனக் கொள்ளலாம். சிவந்த சாந்துக்கும் செச்சை என்று பெயர் உண்டு என்பது அதற்கு வலுவூட்டும். வெட்சி என்பது மறவர் கண்ட பூ என்றால், செச்சை நிறத்தில் தோய்ந்த கண் கண்ட பூ. திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடும் கண்ணி செச்சைக் கண்ணி. அங்கே அவன் மேனி சிவப்பு, ஆடை சிவப்பு, சூடிய பூவும் சிவப்பு. அவனுக்குச் சேய் என்றும் செவ்வேள் என்றும் பெயர். ஒரே அடியில் கிளைத்த பெயரை உடைய பூவை அவன் தலையில் வைத்தது பொருத்தத்திலும் பொருத்தம். பல நூற்றாண்டுகள் கழித்து அருணகிரிநாதரும் வெட்சியையும் செச்சையையும் முருகனுக்குரிய மலராகவே பாடினார். நிரை கவர்தல் வழக்கொழிந்த பின்பு, போர்ப்பூவாய் இருந்தது வழிபாட்டுப் பூவாய் நிலைத்தது.

மேற்கே மலைத்தொடரைக் கடந்தபோது செச்சையின் இனம் செத்தி, தெச்சி, தெற்றி என ஒலித்தது. சகரமும் தகரமும் தம்முள் இடம் மாற்றிக் கொண்டு விளையாடுவதை முதலிரண்டிலும் கேட்கலாம். தெச்சி என்பதைத் தமிழரும் எடுத்தாள்வதுண்டு. கொச்சியில் ஆளுநராய் இருந்த ஒல்லாந்தர் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மண்ணின் மருத்துவர்களைத் துணைக்கொண்டு தொகுத்த ஓர்த்துசு மலபாரிக்குசு, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் அச்சேறியபோது, இச்செடியும் செத்தி என்ற தன் பெயரோடு கடல் கடந்தது. 1753இல் வெளிவந்த, செடிநூலார் இலின்னேயசின் நூலோ அதற்கு இக்சோரா கொக்கினியா என்று பெயரிட்டது. பின்பாதி செந்நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். எனவே நம் செச்சை சொன்னதையே அதுவும் சொல்கிறது. முன்பாதி ஈசுவரனின் பெயர். அப்பெயரைப் போர்த்துகீசியர் தம் எழுத்தில் எழுதினர். அவர்கள் மொழியில் அதன் இடையே நிற்கும் எக்சு (x) எழுத்துக்கு ஷகர ஒலி, ஆகவே அவர்கள் வாயில் அது ஈசுவரன் என்பதற்கு அணுக்கமாகவே ஒலித்தது. அதே எழுத்தைப் பிறர் தம் முறையில் படித்தபோது க்ச என்னும் ஒலி பிறந்தது. ஈசனுக்குச் சாத்திய பூ ஈசன் பெயரையே பெற்று மேலைநாடு சென்று, எழுத்து ஒன்று இடறியதால் இக்சோரா என உருமாறி, இன்று நம் நாற்றுப்பண்ணைப் பைகளில் திரும்பி வந்திருக்கிறது.

கடைசியாக, வீட்டாரின் பெயர். ஊசி மொட்டுகளும் விரிந்த பூக்களுமாய் உப்பித் திரண்ட கொத்து, தட்டிலிருந்து எடுத்த இட்லியின் வடிவத்தை நினைவூட்டியதால் இட்லிப் பூ. வெட்சியின் ட்ச தமிழ் நெறிக்கு உட்பட்டது என்றேன்; இட்லியின் ட்ல அந்நெறியில் அடங்காது. மூலம் இட்டலி, பேச்சு விரைவில் நடு உயிர் தேய்ந்து இட்லியானது. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட உரைநடை நூலான வட்டாராதனையில் இட்டலிகெ என்னும் உணவுப்பெயர் வருகிறது. அந்த உணவு தமிழர் அடுக்களையில் அன்றாடமான பின்பே இந்தப் பூவுக்கு அதன் பெயரைச் சூட்டும் எண்ணம் எவர்க்கும் வந்திருக்கும். ஆதலால் பெயர்களுள் இதுவே இளையது. இதைக் காத்து வருபவர்கள் பிள்ளைகள். நடுத்தண்டை மெல்ல உருவி நுனியில் துளிக்கும் தேனைச் சுவைப்பார்கள். ஒரு பூவின் குழலை இன்னொன்றின் வாயில் செருகி, நூலில்லாமலே வளையம் கோத்துக் கழுத்தில் போட்டுக் கொள்வார்கள். நிரை கவரப் போனவன் சூடிய கண்ணிக்கும் இந்த நூலில்லாக் கோவைக்கும் இடையே ஓடுகிறது இந்தப் பூவின் முழு வரலாறு.

வருத்தம் ஒன்று உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சி என்று ஆண்டுதோறும் நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர்; விடியலில் வாயிற்படியோரம் இட்லிப் பூப் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பவர்களும் அவர்களே. இரண்டும் ஒரே பூ என்பதை அவர்களுக்குச் சொல்வார் குறைவு. திணைப்பெயர் ஏட்டில் தனித்தும், செடி வாயிலில் பெயர் குறைந்தும் நிற்கின்றன. வெட்சி மட்டுமா? வேலியில் நிற்கும் நொச்சி, புன்செய் ஓரத்துத் தும்பை, சாலையோர வாகை எல்லாமே புறத்திணையின் பெயர்கள். சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சி இலை தேடுகிறோம், மதில் காத்தவர் அதைச் சூடினர் என்பதை மறந்துவிட்டோம்.

இதற்கு மருந்து எளிது. வெட்சித் திணை நடத்தும் நாளில் ஆசிரியர் ஒரு கொத்தைக் கையில் கொண்டு வகுப்புக்குச் செல்லட்டும். பண்ணைக்காரர் இக்சோரா என்னும் அட்டையின் மேல் வெட்சி என்றும் எழுதட்டும். பிள்ளைகள் இட்லிப் பூ என்றே அழைக்கட்டும். அதைப் பறித்துவிட்டுப் பழம்பெயரைத் திணிக்க வேண்டியதில்லை. அவர்கள் கொடுத்த பெயரும் வெட்சியைப் போலவே கண்ணால் கண்டு நாவால் வைத்த நல்ல தமிழ்ப் பெயர்தான். பழையது புதியதைப் பகைக்காமல், புதியது பழையதை மறைக்காமல் இரண்டும் ஒரே நாவில் புழங்குமானால், ஒரு செடியைச் சுட்டும்போதே மறவரையும் முருகனையும் அடுக்களையையும் சேர்த்துச் சொல்லும் செல்வம் நமக்கு வாய்க்கும். அத்தனை நீண்ட நினைவை ஒரு பூவின் பெயருக்குள் வைத்திருக்கும் மொழியைப் பேசுகிறோம் என்ற பெருமிதமும் வாய்க்கும்.