பே மலையின் உப்பு



உப்பு என்றதும் எங்களில் பலருக்கு ஆனையிறவு உப்பளம்தான் கண்முன் வரும். பாத்தியில் கடல்நீரைத் தேக்கிவிட்டால் மீதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். கடலே இல்லாத சுவிஸில் உப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மலைக்குள்ளிருந்து!

வோ மாநிலத்தில், ரோன் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு சிற்றூர் உண்டு. 'பெக்ஸ்' என்று எழுதி 'பே' என்று சொல்லுவார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு, ஆல்ப்ஸ் மலை எழுந்தபோது பாறைக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஆடுகள் ஓர் ஊற்றை மட்டும் தேடிப்போய்க் குடித்ததைக் கண்டு ஒரு மேய்ப்பன் இதைக் கண்டுபிடித்தான் என்பது ஊர்க்கதை. 16ஆம் நூற்றாண்டில் ஊற்றுநீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். 1684 முதல் மலையையே குடைந்தார்கள். தொடக்கத்தில் சுத்தியலும் உளியும்தான் கருவிகள். இன்று சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர்.

ஏன் இவ்வளவு பாடு? பாற்கட்டி செய்ய, இறைச்சியைக் கெடாமல் வைக்க, மாடுகளுக்குக் கொடுக்க உப்பு வேண்டும். அதைப் பிற நாடுகளிடம் விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அன்று வோவை ஆண்ட பேர்ண் அரசு உப்பு விற்பனையைத் தன் கையில் வைத்திருந்தது. மக்கள் வாங்கிய ஒவ்வொரு பிடி உப்பிலும் அரசுக்கு வருமானம் வந்தது. உப்புநீரைக் காய்ச்சும் விறகுக்காகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. 1836இல் பாசலுக்கு அருகே பெரிய உப்புப்படுகை கண்டுபிடிக்கப்பட்டதும் பேயின் முக்கியத்துவம் குறைந்தது. ஆனாலும் சுரங்கம் மூடப்படவில்லை. இன்று பாறைக்குள் நீரைச் செலுத்தி, உப்பைக் கரைத்து எடுத்துக் காய்ச்சுகிறார்கள்.

இனி, ஒரு தாதியாக நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இந்த நாட்டு மண்ணிலும் நீரிலும் அயடீன் மிகக் குறைவு. அதனால் மலைக்கிராமங்களில் பலருக்குக் கழுத்தில் கழலை வீங்கியது. சில பிள்ளைகள் காது கேளாமலும், உடலும் அறிவும் வளராமலும் பிறந்தார்கள். 1918இல் வலே மாநிலத்து மருத்துவர் ஒட்டோ பயார்ட், உப்பில் துளி அயடீன் கலந்து குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின. 1922இல் ஹெரிசாவு மருத்துவர் ஹான்ஸ் எக்கன்பெர்கரின் முயற்சியால் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலம் அயடீன் உப்பை விற்கத் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. உப்பு விற்பனை மாநிலங்களின் கையில் இருந்ததால், மருந்துக் குப்பி இல்லாமலே மருந்து எல்லா அடுப்படிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வரி வாங்கிய அதே வழி உயிர்காக்கும் வழியாக மாறியது.

ஆனால் அயடீன் கலப்பது இங்கே கட்டாயம் அல்ல. கலந்த உப்பும் கலக்காத உப்பும் ஒரே தட்டில் இருக்கும். கடலுப்பு என்றால் அயடீன் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதில் இயல்பாக இருப்பது மிகக் கொஞ்சம். பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இதில் கூடிய கவனம் எடுக்கவேண்டும்; வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர அயடீன் தேவை. தைரொயிட் நோய் உள்ளவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிப் போடவேண்டாம். அளவு அதே அளவுதான், உப்பு மட்டும் சரியான உப்பாக இருக்கட்டும்.

பிள்ளைகளே, விடுமுறையில் அப்பா அம்மாவிடம் பேக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சின்ன ரயிலில் மலைக்குள் போகலாம். போகுமுன் வீட்டு உப்புப் பொதியை எடுத்து, அதில் 'அயடீன்' என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.