நடுகல்லுக்கும் பூட்டா?

ஓங்கிய கை, ஒடியாத வாள், மார்பிலே தைத்த அம்பு! ஊரார் ஆநிரை காக்க உயிர் விட்டவன் உருவம் அது. சேலத்துச் சமவெளியிலே வெயிலிலும் மழையிலும் நின்ற அந்த நடுகல், இன்று ஒரு காட்சிச்சாலையின் சுவரோரம் நிற்கிறது. என் மாணவி ஒருத்தி அதன் எதிரே அமர்ந்து குறிப்பேட்டிலே வரையத் தொடங்கினாள்.

"வரையக்கூடாதம்மா, பதிப்புரிமை இருக்கிறது" என்றார் காவலர்.

யாருக்கு இருக்கிறதாம்? கல் கொத்திய தச்சனுக்கா? அவன் பெயரையும் நாம் அறியோம். கல்லிலே வீரனை வைத்தவன், தன்னை வைத்துக்கொள்ளவில்லை.

தோழர்களே, சட்டம் சொல்வது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுக்கும் உரிமை தந்தது. தாகூர் மறைந்தது 1941இல். அவர் நூல்களின் உரிமை 1991 முடிவோடு முடியவிருந்த வேளையில், 50ஐ 60 ஆக்கினர். 60 ஆண்டே எல்லை என்றால், பல நூற்றாண்டு கண்ட நடுகல்லுக்கு உரிமை எங்கிருந்து வரும்? நாமக்கல் மலையைக் குடைந்து நரசிம்மனைச் செதுக்கிய கைக்கும் இதே விடைதான். விளக்கொளி பாய்ச்சாதே, வழியை அடைக்காதே, கல்லைத் தொடாதே என்று காட்சிச்சாலை சொல்லட்டும், கேட்போம். அது வீட்டு ஒழுங்கு. அதற்குப் பதிப்புரிமை என்று பெயர் சூட்டுவானேன்? ஏடுகளைப் பூட்டிவைத்துப் பொட்டிட்டுப் பூசை செய்து, பின்னர் ஆடிப்பெருக்கிலே ஆற்றோடு விட்ட நாடல்லவா இது! பூட்டு புதிது, பழக்கம் பழையது.

அண்மைக் காலத்துச் சிற்பியின் படைப்பாயினும், பொதுமக்கள் புழங்கும் இடத்தில் நிலையாக நிற்கும் சிலையை வரையலாம், படமெடுக்கலாம், வெளியிடலாம் என்கிறது 52ஆம் பிரிவு. சுவரிலே தொங்கும் ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தன் ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்கும் நேர்மையான அளவிலே கையாளலாம், அவ்வளவே. சிலைக்கு ஒரு நீதி, சித்திரத்துக்கு ஒரு நீதி! ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர் துணிக்கும் சட்டத்துக்கும் சொந்தக்காரர். அதைப் படியெடுத்து விற்கும் உரிமையோ, எழுதிக் கொடுத்தாலொழிய, பெரும்பாலும் ஓவியனிடமே நிற்கும். மோகனூரிலே பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கனார் ஓவியரும் ஆவார், 1972இல் மறைந்தார். அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதால், அவர் பாடலைப் பள்ளிப் பலகையிலே நாங்கள் தயக்கமின்றி எழுதுகிறோம். அரசு தலையிடாதிருந்தால் 2032 முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாரதிக்கு முதலில் அந்த வழி திறந்தது. அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை படமுதலாளி மெய்யப்பர் கையிலே இருந்த காலத்திலேதான், 1949இல், சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் மக்களுக்கே விட்டது. குடும்பத்துக்குப் பணமும் கிடைத்தது, பாட்டும் பொதுவாயிற்று. யாரையும் ஏய்க்காமல் பூட்டைத் திறந்த முறை அது.

செத்த தச்சன் பெயரால் இத்துணைக் காவல்! உயிரோடிருந்த கலைஞனுக்கு நேர்ந்தது என்ன? டில்லி விஞ்ஞான் பவனத்துக்காக அமர்நாத் சேகல் மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம் படைத்தார். 1979இல் அரசு அதனைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கிலே போட்டது, துண்டுகள் சிதைந்தன. விலை கொடுத்து வாங்கிய பொருள், எங்கள் விருப்பம் என்பது அரசின் வாதம். காட்சிக்கு வைக்காமலிருப்பது மட்டும் குற்றமன்று என்று சட்டமே சொல்கிறது, உண்மைதான். ஆனால் உடைத்தழிப்பது ஆக்கியோனின் பெயருக்கே இழுக்கு என்றது டில்லி உயர்நீதிமன்றம். எஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தரவும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் 2005இல் ஆணையிட்டது. பெயர்த்த நாளிலிருந்து 26 ஆண்டுகள்!

காவலரிடம் இவற்றையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மேலதிகாரியைக் கேட்டு வருகிறேன் என்று போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். அவர் திரும்பி வருமுன் எங்கள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பாதியில் நின்ற அந்தப் படத்தை வகுப்புச் சுவரிலே ஒட்டியிருக்கிறோம். ஓங்கிய கை இருக்கிறது, வாள் இல்லை.