நெட்ஸ்டாட் முதல் எஸ்எஸ் வரை: கெர்னலின் இணைப்பு அட்டவணையைப் படித்த வரலாறு

ஒரு கணினி இந்த நொடியில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது ஒரே இடத்தில்தான் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் இணைப்பு அட்டவணை அது. கட்டளை வரியில் நாம் தட்டும் நெட்ஸ்டாட், எஸ்எஸ் போன்றவை அந்த அட்டவணையை நமக்குப் படித்துக் காட்டுகின்றன. அவை காட்டும் நிலைப்பெயர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அட்டவணையை எட்டும் வழி மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. அந்த மாற்றங்களுக்குப் பின்னால், முந்தைய வழியில் கிடைத்த பட்டியலை எவ்வளவு நம்பலாம், அது எவ்வளவு விரைவாகக் கிடைக்கும், எதை விட்டுவிடும் என்ற கேள்விகள் இருந்தன என்பது என் வாதம்.

பெயர்களிலிருந்து தொடங்குவோம். ஜான் போஸ்டல் தொகுத்து 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 793 டிசிபி நெறிமுறையை வரையறுத்தது. ஓர் இணைப்பு பிறந்து முடிவது வரை கடக்கும் 11 நிலைகளை அது பெயரிட்டுச் சொன்னது. அழைப்புக்காகக் காத்திருப்பது லிசன். பேச்சு நடந்துகொண்டிருப்பது எஸ்டாப்ளிஷ்டு. எதிர்முனை முடித்துக்கொண்ட பிறகும் நம் பக்கத்து மென்பொருள் இணைப்பை மூடாமல் வைத்திருப்பது குளோஸ்-வெயிட். இரு பக்கமும் விடைபெற்ற பிறகு, வழியில் தாமதமான பாக்கெட் ஏதேனும் வந்து அடுத்த இணைப்பைக் குழப்பிவிடக் கூடாதே என்று கொஞ்ச நேரம் இடத்தைப் பிடித்துவைப்பது டைம்-வெயிட். ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச ஆயுள் 2 நிமிடம் என்று அந்த ஆவணம் கொண்டது. அதில் இரு மடங்கு, அதாவது 4 நிமிடம், காத்திருக்கச் சொன்னது. இந்த 2 நிமிடக் கணக்கு ஒரு பொறியியல் முடிவுதான், அனுபவம் வேண்டினால் மாற்றலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அப்படியே மாற்றினார்கள், இன்றைய லினக்ஸ் 60 விநாடிதான் காத்திருக்கிறது.

1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. அதே ஆண்டில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வெளிவந்தது. இணைப்பின் முனையை நிரல்கள் கையாள உதவும் சாக்கெட் இடைமுகத்தைப் பரவலாக்கிய பதிப்பு இது. நெட்ஸ்டாட் முதலில் தோன்றியதும் இதில்தான்.

அன்றைய நெட்ஸ்டாட் வேலை செய்த விதத்தை இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. கெர்னலிடம் அது எதையும் கேட்கவில்லை. வட்டில் கிடக்கும் கெர்னல் கோப்பைத் திறந்து, இணைப்புப் பட்டியல் நினைவகத்தில் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று பெயர் அட்டவணையில் தேடும். பிறகு கெர்னலின் நினைவகத்தையே ஒரு கோப்பாகக் காட்டும் சாதனத்தைத் திறந்து, அந்த முகவரிக்குத் தாவி, கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்து படிக்கும். வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் அவர் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்துப் படிப்பது போன்ற வேலை. படித்துக்கொண்டிருக்கும்போதே கெர்னல் பட்டியலை மாற்றிவிட்டால் என்ன செய்வது? பழைய பிஎஸ்டி மூல நிரலில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னோக்கிய சுட்டி தான் வந்த இடத்தையே காட்டுகிறதா என்று பார்க்கும். காட்டாவிட்டால் மூன்று கேள்விக்குறிகளை அச்சிட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். தன் விடையை நம்ப முடியாத நிலையில் அதைத் திரையில் ஒப்புக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த முறையில் ஒரு நன்மையும் இருந்தது. இயங்கும் நினைவகத்துக்குப் பதிலாக, நிலைகுலைந்து நின்றுபோன கணினியின் நினைவகப் படியையும் நெட்ஸ்டாட்டிடம் கொடுக்கலாம். இறந்துபோன இயந்திரம் கடைசி நொடியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்று அது சொல்லும்.

லினக்ஸ் வேறு வழியில் போனது. செயல்களை, அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களை, கோப்புகளாகக் காட்டலாம் என்ற எண்ணத்தை 1984இல் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் செய்து காட்டியிருந்தார். லினக்ஸ் அந்த எண்ணத்தை விரித்து, இணைப்பு அட்டவணையையும் ப்ராக் என்ற மெய்நிகர் அடைவுக்குள் உரைக் கோப்பாக வைத்தது. நெட்ஸ்டாட் இல்லாத கணினியிலும் அந்தக் கோப்பை நேரே திறந்து பார்க்கலாம். ஒரு வரியில் 00000000:0016 என்றும் நிலைக்கான இடத்தில் 0ஏ என்றும் இருக்கும். எண்கள் பதினாறடிமானத்தில் இருப்பதால் 0016 என்பது போர்ட் 22, 0ஏ என்பது லிசன். எல்லா முகவரியிலும் எஸ்எஸ்எச் சர்வர் காத்திருக்கிறது என்று பொருள். இன்டெல் வகைக் கணினியில் 127.0.0.1 என்ற முகவரி 0100007எஃப் என்று பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும். ஃப்ரெட் பாம்கார்ட்டன் எழுதிய லினக்ஸ் நெட்ஸ்டாட் இந்த வரிகளைப் படித்து மனிதர் படிக்கும் வடிவில் தருகிறது.

இந்தக் கோப்பில் ஒன்று மட்டும் இல்லை: எந்தச் செயலுக்கு உரிய இணைப்பு என்பது. ஒரு சாக்கெட் எண் மட்டுமே இருக்கும். எனவே செயலின் பெயரைக் கேட்டால் நெட்ஸ்டாட் ஒவ்வொரு செயலின் அடைவுக்குள்ளும் போய், அது திறந்துவைத்துள்ள கோப்புகளில் அந்த எண் கொண்ட சாக்கெட் இருக்கிறதா என்று தேடிப் பொருத்துகிறது. பிறருடைய செயல்களின் அடைவைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும். சாதாரணப் பயனர் கேட்டால் பல வரிகளில் செயலின் பெயருக்குப் பதில் வெறும் கோடு நிற்பது இதனால்தான்.

நிலைப்பெயர்களைப் படிக்கத் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பது 1996 செப்டம்பரில் புரிந்தது. நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர்கள்மேல், போலி முகவரிகளிலிருந்து இணைப்புக் கோரிக்கைகள் ஓயாமல் கொட்டப்பட்டன. பதில் வராத கோரிக்கை ஒவ்வொன்றும் பாதி இணைப்பாக, அந்த 11 நிலைகளில் ஒன்றான சின்-ரிசீவ்டில் தங்கும். பெர்க்லி வழிவந்த அமைப்புகளில் இதற்கான காத்திருப்பு வரிசை மிகச் சிறியது. ஒரு பாதி இணைப்பு 75 விநாடி இடத்தை அடைத்துக்கொள்ளும். வரிசை நிறைந்ததும் உண்மையான வாடிக்கையாளருக்குக் கதவு மூடிக்கொண்டது. அந்த மாதமே கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் வெளியிட்ட எச்சரிக்கை, நெட்ஸ்டாட் பட்டியலில் இந்த நிலை அளவுக்கு மீறித் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னது. சின் குக்கீ என்ற தற்காப்பை டேனியல் பெர்ன்ஸ்டீன் முன்வைத்ததும் அதே மாதம்தான்.

ஆனால் பட்டியலைக் காட்டும் மென்பொருளே பொய் சொன்னால்? 1990களில் பரவிய ரூட்கிட் தொகுப்புகள் அதைத்தான் செய்தன. ஊடுருவியவர் உள்ளே நுழைந்ததும், உண்மையான நெட்ஸ்டாட்டை எடுத்துவிட்டுத் தான் கொண்டுவந்ததை அங்கே வைப்பார். மறைக்க வேண்டிய முகவரிகளும் போர்ட்டுகளும் சாதனக் கோப்பு போலப் பெயரிட்ட ஒரு சிறு கோப்பில் இருக்கும். போலி நெட்ஸ்டாட் அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரியாகக் காட்டும். அதனால்தான் சந்தேகப்பட்ட கணினியை வெளியிலிருந்தும் பார்க்கும் பழக்கம் வந்தது. 1997 செப்டம்பரில் வெளியான என்மேப், வேறொரு கணினியிலிருந்து எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும். உள்பட்டியலும் வெளிப்பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் வேரைத் தேட வேண்டியதுதான்.

உரைக் கோப்பு முறைக்குச் சோதனை வந்தது அளவால். பல்லாயிரம் இணைப்புகள் உள்ள சர்வரில் கெர்னல் ஒவ்வொன்றையும் எழுத்தாக்கி வரியாக்க வேண்டும். நெட்ஸ்டாட் அதைப் பிரித்து மறுபடி எண்ணாக்க வேண்டும். கெர்னலோடு நேரடியாகச் செய்தி பரிமாறும் நெட்லிங்க் வழியே இதைக் கேட்க அலெக்ஸி குஸ்னெட்சோவ் எழுதிய கருவி எஸ்எஸ். "இந்த போர்ட்டில், இந்த நிலையில் உள்ளவை மட்டும்" என்ற வடிகட்டலையே கெர்னலுக்குள் அனுப்பிவிடலாம். வேண்டிய வரிகள் மட்டும் திரும்பி வரும். குளோஸ்-வெயிட் குவிகிறதா என்று பார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. குவிந்தால் வலையமைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, மூட மறந்த நிரலைத்தான் திருத்த வேண்டும். லினக்ஸ் நெட்ஸ்டாட்டின் கையேட்டுப் பக்கமே இன்று இந்த நிரல் பெரும்பாலும் காலாவதியானது, எஸ்எஸ் பயன்படுத்துங்கள் என்கிறது. விண்டோஸில் நெட்ஸ்டாட் இன்னும் உயிரோடிருக்கிறது.

எஸ்எஸ் வந்த பிறகும் ஒரு குறை நீடித்தது. இந்தக் கருவிகள் எல்லாமே ஒரு நொடியின் படத்தைத்தான் தருகின்றன. இரண்டு படங்களுக்கு நடுவே திறந்து மூடிய இணைப்பு முன்னதில் இராது. பின்னதில், நாம் மூடியிருந்தால் டைம்-வெயிட்டாக ஒரு தடயம் விட்டிருக்கலாம், எந்தச் செயல் என்ற செய்தி அதில் இராது. இதற்கான விடை கெர்னலுக்குள்ளேயே சிறு நிரல்களைப் பாதுகாப்பாக ஓட்டவிடும் இபிபிஎஃப் வழியாக வந்தது. அதன் வேர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேகப்சனும் 1993இல் விவரித்த பாக்கெட் வடிகட்டியில் இருக்கிறது. பிரெண்டன் கிரெக் எழுதிய டிசிபிலைஃப், ஓர் இணைப்பு முடியும் கணத்தில் ஒரு வரி எழுதுகிறது: செயலின் எண், பெயர், இரு முனை முகவரிகள், போன வந்த தரவு, எத்தனை மில்லிவிநாடி நீடித்தது. 2018இல் வந்த லினக்ஸ் 4.16 இதற்கென நிலையான ஒரு கண்காணிப்புப் புள்ளியைக் கெர்னலில் வைத்தது. இணைப்பு நிலை மாறும் ஒவ்வொரு முறையும் அது பழைய நிலையையும் புதிய நிலையையும் அறிவிக்கும். அதில் வரும் நிலைகள் பெரும்பாலும் போஸ்டலின் ஆவணத்தில் வரைந்திருந்த அதே நிலைகள்தான்.