பிளஸ் 2 ரிசல்ட் வந்தாச்சு... மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் விண்ணப்பம் முடிந்துவிடும்! டெல்டா மாணவர்கள் செய்ய வேண்டியது என்ன?

ரிசல்ட் வந்த அன்று எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மார்க்?" மறுநாள் காலையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எந்தெந்த விண்ணப்பத்துக்கு எது கடைசித் தேதி?"

2025-ம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் 2 தேர்வு முடிவு மே 8-ம் தேதி வெளியானது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 27. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் ஜூன் 6. மேட்டூர் அணை திறந்தது ஜூன் 12. அதாவது, குறுவைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இந்த இரண்டு வாசல்களும் மூடியாகிவிட்டன.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பல வீடுகளுக்கு இது இக்கட்டான நேரம். சம்பா, தாளடி நெல் விற்ற காசு கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போயிருக்கும். அடுத்து நாற்றங்கால், உழவு, விதைநெல் என்று செலவு காத்திருக்கும். இந்த நேரத்தில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் வரும்: "இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி." பதற்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அரசு விண்ணப்பத்தைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே விண்ணப்பம் போதுமா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். பொறியியலுக்கு ஒரு விண்ணப்பம், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, கால்நடை மருத்துவத்துக்கு ஒன்று, நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகளுக்கு ஒன்று என எல்லாமே தனித்தனி. ஒன்றில் பதிவு செய்தால் மற்றொன்றில் பெயர் தானாக வராது. இரண்டு, மூன்றுக்கு விண்ணப்பித்து வைப்பதில் தவறும் இல்லை. சேரும்போது ஒன்றைத் தேர்வு செய்துகொள்ளலாம்.

சில வாசல்கள் ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிக்க நீட் எழுதியிருக்க வேண்டும். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புகளுக்கு 'க்யூட்' நுழைவுத் தேர்வு தேவை. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் பி.டெக் சேர ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. இவற்றுக்கெல்லாம் பிளஸ் 2 படிக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். தம்பி, தங்கைகள் பிளஸ் 1 படித்தால் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

டெல்டாவிலேயே என்னென்ன அரசுக் கல்லூரிகள்?

*கலை, அறிவியல்:* தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி, குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி. கும்பகோணத்தில் அரசு ஆடவர் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி. திருவாரூரில் திரு.வி.க. அரசுக் கல்லூரி, மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி அரசுக் கல்லூரி, மயிலாடுதுறையில் ஞானாம்பிகை அரசு மகளிர் கல்லூரி. ஒரத்தநாட்டிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது.

*பொறியியல்:* செங்கிப்பட்டியில் தஞ்சாவூர் அரசு பொறியியல் கல்லூரி. பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்திலும், திருக்குவளையிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். மூன்றுக்கும் பொறியியல் கலந்தாய்வு வழியாகத்தான் சேர்க்கை.

*வேளாண்மையும் அதைச் சார்ந்தவையும்:* ஈச்சங்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி. கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் நீட். மற்ற இடங்களுக்கு பிளஸ் 2 மதிப்பெண்ணே போதும்.

கட்-ஆஃப் எப்படிப் போடுவது?

பொறியியலுக்கு மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஒரு மாணவி கணிதத்தில் 82, இயற்பியலில் 74, வேதியியலில் 70 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 82 + 37 + 35 = 154. இதுதான் அவருடைய கட்-ஆஃப். 600-க்கு எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கணக்கு வேறு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணும் பார்த்துத் தரவரிசை போடுவார்கள். மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, நான்கு முக்கியப் பாடங்களின் மொத்தம் 400-க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். கணக்கில் குறைந்து, தமிழில் 95 எடுத்தவருக்குத் தமிழ் இலக்கியத்தில் முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இடங்கள் 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படும். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு. அதில் எந்தச் சமூகத்தவரும் மதிப்பெண் அடிப்படையில் இடம் பெறலாம்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

10, பிளஸ் 1, பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எனும் டி.சி., ஆதார் ஆகியவை எல்லோருக்கும் தேவை. இவற்றோடு:

• சாதிச் சான்றிதழ்: ஒருமுறை வாங்கினால் போதும். பழைய அட்டை தொலைந்திருந்தாலோ பெயரில் எழுத்து மாறியிருந்தாலோ இப்போதே சரிசெய்ய வேண்டும்.

• வருமானச் சான்றிதழ்: ஓராண்டுக்குத்தான் செல்லும். அண்ணனுக்கு எப்போதோ வாங்கியதை இப்போது கொடுக்க முடியாது. உதவித்தொகைக்கு இது அவசியம்.

• முதல் பட்டதாரி சான்றிதழ்: குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் வாங்கலாம். கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு.

• 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று: தலைமை ஆசிரியரிடம் வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியின் விவரமும் வேண்டும்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விண்ணப்பம் நகர வேண்டும். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் ஆகலாம். அதனால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல், தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ன சலுகை?

முதலாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-லும் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற படிப்புகளில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேரும் தனியார் கல்லூரிக்கும் இது பொருந்தும். அட்வான்ஸ் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் இந்தச் சலுகை கிடைக்காது. எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள்!

இரண்டாவது, மாதம் 1,000 ரூபாய். மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசு உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1,000 ரூபாய்க்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தயாராக இருந்தால் போதும்.

ஆன்லைனில் எங்கே தவறு நடக்கிறது?

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது கடைக்காரரின் மொபைல் எண்ணையோ இமெயிலையோ கொடுக்கவே கூடாது. ஓ.டி.பி., கலந்தாய்வு அழைப்பு, ஒதுக்கீட்டுத் தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். வீட்டில் எப்போதும் ஆன் செய்து வைத்திருக்கும் எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

செல்போனில் செய்யத் தயக்கமாக இருந்தால் பொறியியல் சேர்க்கை உதவி மையங்களுக்கும், அரசு கலைக் கல்லூரிகளில் இருக்கும் உதவி மையங்களுக்கும் நேரில் போகலாம்.

பொறியியல் கலந்தாய்வில் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, விருப்பப் பட்டியலில் நான்கைந்து கல்லூரியோடு நிறுத்திவிடக் கூடாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம்; ஆனால் உண்மையான விருப்ப வரிசையில் போட வேண்டும். இரண்டு, தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறிப்பிட்ட நாளுக்குள் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கிடைத்த இடம் கையை விட்டுப் போய்விடும்.

அட்வான்ஸ் கட்டியாச்சு, சான்றிதழும் கொடுத்தாச்சு. என்ன செய்வது?

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. ஏ.ஐ.சி.டி.இ.யும் அதையே சொல்கிறது. படிப்பிலிருந்து விலகினால், எந்தத் தேதியில் விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். விலகுவதாக எழுத்தில் கடிதம் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

பணம்தான் பிரச்னை என்றால், வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது. நிலப் பட்டாவைக் கொண்டுபோய் வெளியில் வட்டிக்கு வாங்குவதற்கு முன் வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு?

பிளஸ் 1 சேரும்போது எடுக்கும் குரூப்தான் இரண்டு வருடம் கழித்து எந்த வாசல் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும். கணிதம் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. உயிரியல் இல்லாமல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் கிடையாது. தொழிற்பிரிவு எடுத்தவர்களுக்குப் பொறியியலிலும் வேளாண்மையிலும் தனி ஒதுக்கீடு உண்டு.

பள்ளியைத் தொடர விருப்பம் இல்லையென்றால் மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது. முடித்தவுடன் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். எனவே ஐ.டி.ஐ. என்பது படிப்பின் முடிவு அல்ல.

மார்க் குறைந்தவர்களும் தேர்ச்சி பெறாதவர்களும்?

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். பார்த்துவிட்டு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று கல்லூரி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது. இருக்கிற மதிப்பெண்ணை வைத்தே பதிவு செய்துவிடுங்கள்.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கும். அதில் தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டில் பொறியியல் துணைக் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் அங்கும் சேரலாம்.

கணித மேதை ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில்தான். கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவர் காலத்தில் சில வாரத்தில் வரும் துணைத் தேர்வு இல்லை. இப்போது இருக்கிறது. பள்ளிக்குப் போய்ப் பெயர் கொடுத்தால் போதும்.

சுருக்கமாக: ரிசல்ட் வந்த முதல் வாரத்தில்...

1. தற்காலிக மதிப்பெண் சான்றிதழை டவுன்லோடு செய்து இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.
2. குறைந்தது இரண்டு அரசு விண்ணப்பங்களைப் போடுங்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.
3. சான்றிதழ் எதுவும் பாக்கி இருந்தால் அன்றே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.
4. அரசுக் கலந்தாய்வு முடியும் வரை எங்கும் அசல் சான்றிதழையும் அட்வான்ஸையும் கொடுக்காதீர்கள்.

வயலுக்குத் தண்ணீர் வர ஒரு வாரம் தள்ளிப்போனால் நாற்றங்காலையும் ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கல்லூரி விண்ணப்பத்தில் கடைசித் தேதி முடிந்துவிட்டால், அந்த வாய்ப்பு பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான்.