மூளையில் ஒட்டுக் கட்டிய சரித்திரம்

வாளையாரைக் கடந்து, கோயம்புத்தூர், சேலம் மார்க்கமாகப் பெங்களூர் செல்லும் ரயில்களில், நினைவு பிசகிய பெரியவர்களையும் கை கால் விழுந்தவர்களையும் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு 'நிம்ஹான்ஸ்' மருத்துவ நிறுவனத்தை நாடிப் போகும் குடும்பங்கள் உண்டு. கெட்டுப்போன மூளை மறுபடியும் தன் காரியத்தைச் செய்யுமா என்று அவர்கள் வைத்தியரைக் கேட்கும் கேள்வியை, அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தது. கேள்வியோ அதற்கும் நூறாண்டு மூத்தது.

1890-இல் நியூயார்க் வைத்தியர் கில்மன் தாம்ஸன், பூனையின் மூளைப் புறணியில் ஒரு துண்டை நாயின் மூளையில் பதித்து, ஏழு வாரங்கள் கழித்து அது ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டு, வெற்றி என்றே பிரசுரித்தார். துண்டு ஒட்டியது மெய். அதன் நரம்பணுக்கள் பிழைத்தன என்று இன்று ஒப்புக்கொள்வார் அரியர். 1917-இல் எலிசபெத் டன் அம்மையார் எலிக்குஞ்சுகளின் திசுவைக் கொண்டு முயன்றபோது, சிலவற்றிலேனும் அது உயிரோடிருந்தது. முதிர்ந்த திசு மடியும், இளந்திசு பிழைக்கும் என்ற உண்மை இவ்வாறு மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. 1971-இல் அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையில் கோபால் தாஸும் ஜோசப் ஆல்ட்மனும் கதிரியக்க அடையாளமிட்ட உயிரணுக்களை இளம் எலிகளின் சிறுமூளையில் செலுத்தியதனால், வந்தேறிய அணு எது, வீட்டு அணு எது என்ற விவகாரத்துக்கும் இடமில்லாது போயிற்று.

ஆயினும், ஒட்டு தழைத்தால் போதுமா, காய்க்க வேண்டாமா என்று முதலமடை மாந்தோப்புக்காரர் எவரும் கேட்பார். அதற்கு விடை 1979-இல் கிடைத்தது. மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமைன் நரம்புகள் அழிக்கப்பட்ட எலி, ஒருவித மருந்தைக் கொடுத்ததும், தன்னைத் தானே துரத்துவதுபோல் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வரும். பக்கத்திலிருப்பவர் சுற்றுகளை எண்ணுவார். கருவின் நடுமூளைத் திசுவை ஒட்டியபின் அச்சுற்றுகள் குறைந்தன என்று அமெரிக்கக் குழுவொன்றும், ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் பியோர்க்லுண்டும் ஸ்டெனெவியும், அவ்வாண்டிலேயே அறிவித்தனர். எட்டே ஆண்டுகளில் லுண்ட் வைத்தியர்கள் நடுக்குவாதம் கண்ட மனிதரிடம் இதனைத் தொடங்கியது அவசரம் என்பதே என் அபிப்பிராயம். 2001-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், இவ்வாறு ஒட்டுப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு அங்கங்கள் அடங்காமல் அசையும் உபத்திரவம் நேர்ந்தது.

நம் நாட்டில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் கோமதி கோபிநாத், டாண்டன் முதலியோர் இத்துறையில் உழைத்தனர். நிம்ஹான்ஸில் பிந்து குட்டி, ராஜு ஆகியோரின் குழுவினர், மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸை அடுத்த சபிகுலம் என்னும் பகுதியைச் சேதப்படுத்தி, இடமறியும் திறனை இழந்த எலிகளுக்கு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஹிப்போகாம்பஸ் உயிரணுக்களைச் செலுத்தி, அத்திறன் மீண்டதை 2009-இல் வெளியிட்டனர். செலுத்தப்பட்ட அணுக்கள் தாமே அறுந்த தொடர்பைப் புதுப்பித்தனவா, அல்லது வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, எஞ்சியிருந்த அண்டை அணுக்களைப் போஷித்தனவா என்ற வாதம் இத்துறையில் இன்னும் முடிந்தபாடில்லை.