மேடையில் இடம் பெறாத வீராங்கனையர்

ஒடுக்கப்பட்டோர் உரிமை வேண்டி எழுந்த வரலாறுகளுள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. 1946-ஆம் ஆண்டிலேயே டாக்டர் அம்பேத்கர், அம்மக்களின் பேரறிஞரான டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். அவ்வரலாற்றின் வெற்றிகளை நாம் அறிவோம். அதனுள் நிகழ்ந்த ஒரு குறையையும் அறிதல் வேண்டும்.

அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரப் பேருந்துகளில் அன்று முன்னிருக்கைகள் வெள்ளையருக்கே உரியவையாக இருந்தன. வெள்ளையருக்கு இடம் போதாவிடின் கறுப்பினத்தார் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. 1955 மார்ச் 2-ஆம் நாள் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி எழ மறுத்துக் கைதானார். ஆயினும் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. வயதோ சிறிது, குடும்பமோ வறியது, பின்னர் மணமாகாமலே கருவுற்றார். ஓர் இனத்தின் முகமாக நிற்பவரிடம் பகைவர் குறை காணலாகாது என்று அவர்கள் கருதினர். ஒன்பது திங்கள் கழித்து, டிசம்பர் 1-இல், அதே துணிவைக் காட்டிய 42 வயது ரோசா பார்க்ஸ் அம்மையாரே போராட்டத்தின் முகமானார்.

அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, விடியும்வரை விழித்திருந்து பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் செய்தார். 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு அவ்வாறே தொடங்கியது. நாள்தோறும் நடந்தே வேலைக்குச் சென்றவர்களுள் வீட்டுவேலை செய்யும் பெண்கள் மிகப் பலர். ஆனால் தலைமையோ பெரும்பாலும் ஆடவர்க்கே சென்றது. 1956-இல் பேருந்துப் பாகுபாட்டை முறியடித்த வழக்கைத் தொடுத்து நின்றவர் நான்கு பெண்கள். அவர்களுள் ஒருவர், முன்னிறுத்தத் தகாதவர் எனப்பட்ட அதே கிளாடெட்!

1963 ஆகஸ்டு 28-இல் வாஷிங்டன் பேரணியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். முதன்மைச் சொற்பொழிவாளர் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லை. ஏற்பாட்டுக் குழுவின் ஒரே பெண்ணான அன்னா ஹெட்ஜ்மன் எழுத்து மூலம் முறையிட்டார். அதன் பயனாக வீராங்கனையருக்கு ஒரு பாராட்டு நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. டெய்சி பேட்ஸ் அம்மையார் மிகச் சுருக்கமாகப் பேசினார். பேரணி முடிந்தபின் அதிபர் கென்னடியைச் சந்தித்த தலைவர் குழுவிலும் பெண் இல்லை.

வெளிப்பகை நிற்கையில் உட்பூசல் கூடாது என்பார் உளர். அக்கூற்றில் பொருள் உண்டு; ஆயினும் அதன் விலையை எப்போதும் பெண்களே செலுத்துவது நீதியாகுமா? 1968-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம். 1972-இல் அதிபர் வேட்பாளராகவும் முயன்றார். கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதாலேயே தமக்குத் தடைகள் மிகுந்தன என்று அவர் கூறியுள்ளார். அத்தடையில் தம் இனத்து ஆடவர்க்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

நம் வரலாற்றிலும் 1942-இல் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் மாநாடு தனியே கூடியது. அம்பேத்கர் அதில் உரையாற்றினார். பெண்கள் அடைந்த முன்னேற்றமே சமூக முன்னேற்றத்தின் அளவுகோல் என்பது அவர் கொள்கை. நம் கூட்டங்களுக்குப் பெண்கள் திரளாக வருகின்றனர். பாய் விரிக்கின்றனர், உணவு சமைக்கின்றனர். மேடையில் எத்தனை பேர் அமர்கின்றனர்? இளைஞர்களே, பிறர் நமக்கு இடம் தர வேண்டுமென்று கேட்கும் நாம், முதலில் நம் மேடையை எண்ணிப் பார்ப்போமாக.